ஒரே ஒரு தையல்தானே!

எழுபதுகளின் கடைசியில், மூன்றாவது குழந்தைக்குப் பிறகு, காரைக்குடியில் எனக்குக் குழாய் விட்டுச் செய்யும் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. எங்கள் பக்கம் அப்போது அது புதிது. "வயித்துல காத்து நிரப்பியிருக்கோம். தோள் வலிக்கும், தானே சரியாயிரும்" என்று டாக்டரம்மா சொல்லி, மறுநாளே எங்கள் ஊரான ஒக்கூருக்கு அனுப்பிவிட்டார்.

தொப்புளுக்குக் கீழே ஒரே தையல். பார்க்க வந்தவர்களெல்லாம் "இம்புட்டுத்தானா?" என்று அதிசயப்பட்டார்கள். எனக்கும் பெருமைதான்.

மூன்றாம் நாள் காய்ச்சலும் வாந்தியுமாக வயிறு கல்போல் இறுகியது. என் நாத்தனார் தையலைப் பார்த்துவிட்டு, "புண்ணு காஞ்சிருச்சே! டாக்டரம்மா சொன்ன காத்துதான் இது" என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். அதுவும் தங்கவில்லை.

வயலிலிருந்து வந்த என் கணவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பதறிவிட்டார். "காத்தாவது ஒண்ணாவது! வண்டியக் கட்டச் சொல்லுக்கா!"

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள். கருக்குழாயை அடைக்கச் சுட்டபோது குடலிலும் சூடு பட்டு ஓட்டை விழுந்திருந்ததாம். எப்படியோ பிழைத்தேன். அந்தச் சின்னத் தழும்புக்குக் கீழே இப்போது ஒரு சாண் தழும்பு.

இன்றும் இந்த ஆபரேஷன் முடிந்து வந்த பெண்களைப் பார்க்கப் போனால், ஆசையாகத் தையலைக் காட்டுகிறார்கள். நான் அதைப் பார்ப்பதே இல்லை. "குடிச்ச கஞ்சி தங்குச்சாத்தா?" என்று கேட்டுக்கொண்டே வயிற்றில் கை வைக்கிறேன்.