செவிடாக்கிய வெளிச்சம்

அந்தச் சிறிய விமானத்தின் ரேடியோவைச் செவிடாக்கியவன் நான். அந்தப் பழி என் தங்கையின் கணவன் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்.

வேறு எப்படித் தொடங்குவது? சுற்றி வளைத்துச் சொன்னால் பாதி வழியிலேயே உங்களிடம் இரக்கம் கேட்கத் தொடங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்... ஆகவே முதலில் குற்றத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவன். மின்வேலை படித்தேன். கண்டிக்குக் கிழக்கே, தெல்தெனியப் பக்கத்து நீர்த்தேக்கத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவரும் விமானம் ஒன்றின் மின்பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. சக்கரங்களுக்குப் பதில் இரண்டு மிதவைகள் பூட்டிய விமானம் அது. நீரில் இறங்கி, நீரிலிருந்தே எழும்பும். தோட்டத்தில் யாருடைய கல்யாணத்துக்குப் போனாலும் என்னை 'பிளேன்காரர்' என்றுதான் அறிமுகம் செய்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது!

தவராஜ் புசல்லாவைக்காரன். என் தங்கை சாந்தியைக் கட்டியவன். எங்கள் கம்பெனியில் காவல் படகு ஓட்டும் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். விமானம் இறங்கும் நீர்ப்பாதையில் மீன்பிடி வள்ளங்கள் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறுக்கிட்டால், கையில் இருக்கும் சிறிய ரேடியோவில் விமானியை எச்சரிக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை. அதை அவன் ஒழுங்காகச் செய்தான். இதை நான் சத்தமாகச் சொல்லவேண்டிய இடம் ஒன்று இருந்தது. அங்கே சொல்லவில்லை.

விமானத்தின் வெளிவிளக்குகளில்தான் எல்லாம் தொடங்கியது. இறக்கை முனைகளில் சிவப்பும் பச்சையும், வாலில் வெள்ளை, முன்னால் ஒரு பெரிய இறங்குவிளக்கு. எல்லாம் பழைய இழை பல்புகள். என்ஜின் அதிர்விலும் நீர் மோதும் அதிர்ச்சியிலும் இழை அறுந்துகொண்டே இருக்கும். மலைகளுக்கு நடுவே பனிமூட்டம் இறங்குவதால் இறங்குவிளக்கைப் பகலிலும் எரியவிட்டுத்தான் வருவார்கள். வள்ளக்காரர்களுக்குத் தூரத்தில் தெரிவது அந்த வெளிச்சம்தான். எனவே எல்லாவற்றையும் எல்.ஈ.டி.க்கு மாற்றுவது என்று முடிவானது. முடிவில் தவறில்லை.

எங்கள் தலைமை என்ஜினியர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். விமானத்துக்கென்றே செய்து, சோதித்து, சான்றிதழோடு வரும் விளக்குகள் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள் என்றார். சொல்லிவிட்டு வெளிநாட்டில் இருந்த மகளைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் பொறுக்கவில்லை. கொழும்பில் சந்தையில் கிடைப்பதும் அதே வெளிச்சம்தான், அதே கண்ணாடிதான், எதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பது என்று முதலாளியிடம் வாதாடினேன். ஏன் அப்படிச் செய்தேன்? அந்த மனிதர் என்னை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் நான் முடித்த வேலை ஒவ்வொன்றையும் மறுபடி ஒருமுறை சோதித்துப் பார்ப்பார். அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அவர் திரும்பி வரும்போது விமானம் என் கைவேலையில் பளிச்சென்று நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசையா அது? வீம்பு!

விளக்குகளைப் பூட்டினேன். எரியவிட்டபோது இறங்குதுறையில் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ரேடியோவைத் திறந்தேன்.

இரைச்சல்... இறங்குவிளக்கை அணைத்தால் இரைச்சல் நின்றது. போட்டால் மீண்டும் வந்தது. விளக்குக்குள் இருந்த மலிவான மின்சுற்றுதான் ரேடியோ அலையைக் கெடுத்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

அந்த நேரத்தில் கழற்றியிருக்கலாம். "என்ஜினியர் சொன்னதுதான் சரி" என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக நான் செய்ததைக் கேளுங்கள். ரேடியோவுக்குள் இரைச்சலை அடக்கும் திருகு ஒன்று உண்டு. அதைக் கூட்டினால் இரைச்சல் காதுக்கு வராது. ஆனால் கூடவே வலுக்குறைந்த குரல்களும் வராமல் போய்விடும். இது தெரியாமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள். தெரிந்துதான் கூட்டினேன்.

இறங்குதுறையில் இருந்த பெரிய ரேடியோவிலிருந்து பேசிப் பார்க்கச் சொன்னேன். கணீரென்று கேட்டது. பக்கத்திலேயே தவராஜ் தன் கைரேடியோவோடு நின்றிருந்தான். படகில் தூரப் போய் ஒருமுறை பேசு என்று அவனிடம் சொல்லியிருந்தால் போதும்! ஏன் சொல்லவில்லை? விடை தெரிந்த கேள்வியை எவன் கேட்பான்...

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்றே நம்பத் தொடங்கியிருந்தேன்.

அன்று காலை நீரின்மேல் பனி படுத்திருந்தது. பயணிகளை அழைத்துப்போக வந்த வேனைப் பார்க்க, வழக்கமாக ரேடியோவைக் கவனிக்கும் எழுத்தர் மேலே போயிருந்தார். இறங்குதுறையின் பெரிய ரேடியோவுக்கு முன்னால் நான் மட்டும் இருந்தேன். மலைக்குப் பின்னால் விமானத்தின் ஓசை. அப்போது தவராஜின் குரல் வந்தது. வள்ளம் ஒன்று குறுக்கே வருகிறது, இறங்கவேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். விமானத்தை ஓட்டிவந்த கெப்டனிடமிருந்து பதில் இல்லை. மறுபடியும், இந்த முறை சிங்களத்தில், பதறிக்கொண்டு சொன்னான். அப்போதும் பதில் இல்லை.

அந்தப் பதிலின்மைக்குக் காரணம் தெரிந்த ஒரே மனிதன் நான். என் கைக்கு எட்டும் தூரத்தில் பெரிய ரேடியோ. நான் எடுத்துப் பேசியிருந்தால் கெப்டனுக்குக் கேட்டிருக்கும். கை நீளவில்லை. தவராஜின் குரல் அவருக்குக் கேட்டிருக்கும், திரும்பிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பேசினால் அவருக்குத் தவராஜின் குரல் கேட்கவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே... அந்தச் சில நொடிகளில் இவ்வளவையும் நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று இன்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பேசவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

விமானம் பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கடைசிக் கணத்தில் கெப்டன் வள்ளத்தைக் கண்டு திருப்பினார். ஆனாலும் ஒரு மிதவை வள்ளத்தின் முனையில் மோதியது. அதில் இருந்த சுனில் என்ற மீனவர் தூக்கி எறியப்பட்டார். தவராஜ்தான் நீரில் குதித்து அவரை இழுத்து வந்தான். உயிர் பிழைத்தது. வலது கை மட்டும் இன்றுவரை தோளுக்கு மேல் எழுவதில்லை. அந்தக் கையால் இனி வலை வீச முடியாது.

எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் விமானத்துக்குள் ஏறினேன். திருகைப் பழைய இடத்துக்கே திருப்பினேன். இறங்குவிளக்கைக் கழற்றிப் பழைய பல்பைப் பூட்டினேன். புது விளக்குக்குள் தண்ணீர் போய்விட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னேன். எல்லாவற்றையும் நிதானமாகவே செய்தேன். அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

விசாரணைக்கு வந்தவர்கள் விமானத்து ரேடியோவையும் தவராஜின் கைரேடியோவையும் சோதித்தார்கள். எல்லாம் சரியாகவே வேலை செய்தன. தனக்கு எந்த அழைப்பும் கேட்கவில்லை என்றார் கெப்டன். அவர் சொன்னது உண்மை. இறங்குதுறை ரேடியோவில் ஏதாவது கேட்டதா என்று என்னைக் கேட்டார்கள்.

"இல்லை" என்றேன்.

தவராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். குழப்பம்தான் இருந்தது. வெளியே வந்ததும் என்னிடம் வந்தான்.

"மச்சான், நான் ரெண்டு தரம் கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கல தவராஜ்."

அவன் வேலை போனது. சுனிலின் ஊரார் அவனைக் கண்ட இடத்தில் ஏசினார்கள். கவனமில்லாமல் இருந்து ஒரு மனிதனை முடமாக்கியவன் என்ற பெயர் புசல்லாவை வரைக்கும் போனது. தூங்கிவிட்டீர்களா, குடித்திருந்தீர்களா என்று சாந்தி அவனைக் கேட்டபோது நான் அதே அறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்!

என்ஜினியர் திரும்பி வந்தார். சான்றிதழ் உள்ள விளக்குகளும் பின்னால் வந்தன. அவற்றை நானே பூட்டினேன். சிறு இரைச்சல்கூட இல்லை. அவர் முதல் முறையாக மறுபடி சோதிக்காமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எதற்காக அவ்வளவும் செய்தேனோ அது கிடைத்துவிட்டது. இப்போது அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளன் நான்.

தவராஜ் கலகெதரவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்குகிறான். அங்கேயே தங்குகிறான். வீட்டுக்கு எப்போதாவதுதான் வருகிறான். அவன் வந்திருந்த ஒரு தீபாவளியன்று தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னான்.

"ஒருவேளை ரேடியோவுல பேசுற பட்டன அமுக்காமலே கத்தினேனோ என்னமோ மச்சான். பதட்டத்துல அப்படி நடக்குமாம்."

சொல்லும்போது அவன் கட்டைவிரல் தானாகவே உள்ளங்கையின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தினேனா, இல்லையா என்று அது தேடிக்கொண்டிருந்தது... அவனுடைய வேலையைப் பறித்தேன், பெயரைப் பறித்தேன் என்பதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அவன் செய்த நல்ல காரியத்தின் நினைவையும் பறித்திருந்தேன். இப்படி ஒரு திருட்டைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா நீங்கள்?

போன மாதம் கலகெதரவுக்குப் போனேன். கடைக்கு எதிரே இருந்த தேநீர்க்கடையில் அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, இரைச்சல், திருகு, அவன் குரலை நான் கேட்டது... ஒன்றையும் மறைக்கவில்லை. என் சட்டையைப் பிடிப்பான் என்று காத்திருந்தேன்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க மச்சான்" என்றான்.

நான் திகைத்துப்போனேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். அவன் மறுப்பாகத் தலையசைத்தான்.

"ரேடியோவ செக் பண்ணாங்களே. எல்லாம் சரியாத்தானே இருந்திச்சு. சாந்தி வருத்தப்படுறான்னு பாத்து நீங்க பழிய ஏத்துக்க வந்திருக்கீங்க. வேணாம். நீங்க நல்லா இருங்க."

நான் அழித்த தடயம் என் வாக்குமூலத்தையே பொய்யாக்கிவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு அவன் மூட்டை இறக்கப் போனான்.

மறுநாள் சாந்தி போன் எடுத்தாள். "அவருக்காக நீங்க பழிய ஏத்துக்கப் பாத்தீங்களாமே அண்ணே" என்று அழுதாள். அண்ணன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்வாளாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி போனை வைத்தேன்.

கம்பெனியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அந்த என்ஜினியரிடமும் சொல்லவில்லை. எந்த விளக்கு, எந்தத் திருகு என்று நான் சொல்லத் தொடங்கிய உடனேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். அவர் நம்புவார். அதனால்தான் சொல்லவில்லை.