அலமாரிக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணங்கள்

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்குதான் தின்றோம். சீனியைக் கண்ணால் பார்த்தே வெகுநாளாயிற்று என்று பக்கத்து வீட்டு அக்கா தினமும் புலம்புவார். ஆனால் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களும், எறும்பு ஏறாதபடி, தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. காலி அலமாரிக்கு எதற்குக் காவல்? பொய்க்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

வந்ததும் பகீரென்றது. எங்கள் அலமாரியும் அப்படித்தான் நின்றது. உள்ளே என் கணவர் எங்கிருந்தோ கொண்டுவந்த சீனி ஒரு டப்பா இருந்தது. பதுக்கியவர்களை ஜப்பான்காரனிடம் காட்டிக்கொடுக்க ஆளா இல்லை? உடனே கிண்ணங்களை எடுத்து ஒளித்து வைத்தேன்.

விடிந்து பார்த்தால் டப்பா முழுக்க எறும்பு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் ஓடிவிடும். மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? மஞ்சள்தூளால் கோடு போட்டேன், எலுமிச்சைத் தோலைத் தேய்த்தேன். எறும்பு அசரவில்லை. சாம்பலை அள்ளிக் கொட்டும்போது, அடுப்புக்கு நெருப்புக் கேட்டு அக்கா வந்து நின்றார்.

மஞ்சளைப் பார்த்தார். அலமாரிக் கால்களைச் சுற்றித் தரையில் கிண்ணங்கள் விட்டுப்போன வட்டத் தடங்களையும் பார்த்தார்.

"பழையபடி தண்ணியே வச்சிடு, தங்கச்சி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் லா," என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது.