எமனுக்கு ஒரு துண்டு சவுக்காரம்

அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்தால் எழும் வாசம் எனக்கு இன்றைக்கும் எமனுடைய வாசந்தான். மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். காமனை எரிக்கும் இரவில் தப்பு முழங்க எமன் கூட்டத்துக்குள் பாய்வான், பிள்ளைகள் வீரிடும்.

ஒரு வருஷம் அந்த எமனைக் கண்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவள் என் தங்கை பவளம். ஐந்து வயது. மறு வருஷம் கூத்துக்குக் கம்பம் ஊன்றிய அன்றைக்கே சோறு வேண்டாம் என்றாள். "இவ அழுதான்னா ரெண்டு பேரும் லயத்துக்குள்ளதான் கெடக்கணும், சொல்லிப்புட்டேன்" என்று அம்மா என்னிடம் முடித்துவிட்டாள். தங்கையின் பயத்தைவிட என் கூத்துதான் எனக்குப் பெரிது, அதை ஒளிப்பானேன்.

எமன் வேறு யாருமில்லை, தேயிலைச் செடிகளைக் "கவ்வாத்து" வெட்டும், எங்கள் லய வரிசையில் பக்கத்து வீட்டு முத்தையா மாமாதான். கூத்தன்று பின்னேரம் அவர் வாசலில் குந்திக் கரி பூசிக்கொண்டிருந்தபோது பவளத்தைத் தரதரவென்று இழுத்துப்போய் முன்னால் நிறுத்தினேன். மடத்தனம். பாதி கறுத்த முகத்தைக் கண்டதும் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. மாமா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தவர் சட்டென்று பலகைமேல் ஏறி நின்று, "ஐயையோ, அட்ட ஏறிருச்சு, யாராச்சும் எடுத்துவிடுங்க, எனக்கு இதுன்னா உசுரே போயிரும்" என்று நடுங்கினார்.

அட்டைக்குப் பயப்படும் பிள்ளை எங்கள் லயத்தில் ஏது? பவளம் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, துணி துவைக்கும் சவுக்காரத் துண்டை நனைத்து வந்து, அவர் காலில் தேய்த்து அட்டையை உதிர்த்தாள்.

"அம்புட்டுத்தான் மாமா, பயப்படாதீங்க."

"ராத்திரிக்கும் அத எடுத்துக்கிட்டு வந்துரு தாயி, பொட்டல்ல புல்லு ஈரமா கெடக்கு."

அன்றிரவு எமன் பாய்ந்தபோது பெரிய பிள்ளைகளெல்லாம் முந்தானைக்குள் ஒளிய, பவளம் மட்டும் சவுக்காரத்தோடு முன்வரிசையில் நின்றாள். ஆட்டத்துக்கு நடுவே எமன் அவளிடம் வந்து காலைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்து, "ஒண்ணும் இல்ல, ஆடுங்க" என்றாள். யாருடைய முந்தானைக்குள் நான் இருந்தேன் என்பது இங்கே தேவையில்லை.

சில வருஷங்களில் மாமா குடும்பம் இலங்கையை விட்டு, அவர் கண்ணால் கண்டிராத இந்தியாவுக்கு ஒரேயடியாகப் புறப்பட்டது. அட்டன் ஸ்டேசனில் "கோச்சி" நகரும்போது பவளம் ஜன்னலுக்குள் கைநீட்டி ஒரு துண்டு சவுக்காரம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த லயத்தை இடித்தாயிற்று. கூத்து இன்னும் நடக்கிறது, ஆனால் எமனுக்குக் கடைச்சாயம், வாசம் வேறு. போன மாசியில் பவளத்திடம் கேட்டேன், இருபது வருஷம் தேயிலைக்குள் நின்ற மனுசனுக்கு அட்டையென்றால் பயம் இருந்திருக்குமா என்று.

"அட்டைக்கு இல்லன்னு எப்பவோ தெரியும்க்கா" என்றாள். "ஆனா ஸ்டேசன்ல நெசமாவே பயந்துபோய் உக்காந்திருந்தாரு."