சவரியப்பன் உடைக்காத தட்டுகள்

1963 ஜூன் 10, திங்கட்கிழமை. நர்ஸ் வேலைக்காக நான் சிங்கப்பூர் புறப்பட்ட நாள். திருத்தங்கலிலிருந்து விருதுநகர் ரயிலடிவரை பஸ்ஸில் என் பெட்டியை மடியில் சுமந்து வந்தவர் சவரியப்பன் அண்ணன். எங்கள் தெருக்காரர், கல்யாண, சடங்கு வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டு, இசைத்தட்டும் போடுகிறவர். வண்டி நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“தங்கச்சி, அங்கன கிதார் வாசிக்கிற பயலுக நெறைய இருப்பாங்களாம். பேரு வாங்குனவன் தட்டு வேண்டாம், அது தானா இங்கன வந்துரும். ஒருத்தரும் சீண்டாதவன் தட்டா அனுப்பு.”

அனுப்பினேன். பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு மாலையில் வாசித்த நால்வரின் தட்டு. பிறகு வேலை மாறி லண்டன் போனதும் அங்கிருந்து, சொந்தக் காசில் நூறே நூறு அடித்து, தெருவில் நின்று விற்றவர்களின் தட்டு.

விசேஷ வீட்டில் முதலில் சாமி பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு. நடுவில் அண்ணன் ஒரு தட்டை நுழைப்பார். மைக்கில் அறிமுகமும் உண்டு: “இவங்கள இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. திருத்தங்கல்தான் மொதல்ல கேக்குது.” பாட்டு பிடிக்காதவர்களும் அந்தப் பெருமைக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

1966 ஆவணியில் தீப்பெட்டி முதலாளி கண்ணுச்சாமி வீட்டுக் கல்யாணம். அன்று காலையில்தான் என் பார்சல் ஒன்று வந்திருந்தது. அண்ணனே அதைக் கேட்டிருக்கவில்லை. மைக்கை வாழ்த்து வாசிக்க வாங்கிப் போயிருந்தார்கள். அறிமுகம் சொல்லாமலே தட்டைப் போட்டுவிட்டார்.

அந்தப் பாட்டு ஒரு வெடியோசையில் தொடங்கும். இரும்புத் தகட்டைக் கூரையிலிருந்து தள்ளிப் பதிவு செய்திருந்தார்கள். வேறெந்த ஊரிலும் திரும்பிப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் பந்தியே எழுந்து ஓடியது. ஆலைதான் வெடித்துவிட்டதென்று சோற்றுக் கையோடு பெண்கள் பட்டாசு ஆலைகளை நோக்கி ரோட்டில் ஓடினார்கள். முன்னால் ஓடியவள் ராக்காயி. அவள் தங்கை அன்று வேலைக்குப் போயிருந்தாள். ஆலை வாசலில் தங்கையை உயிரோடு பார்த்த பிறகே உட்கார்ந்து அழுதாள்.

“ஏலே சவரி, அந்தத் தட்டு அம்புட்டையும் கொண்டா. பந்தலுக்கு முன்னால ஒடை. இல்லாட்டி இந்தத் தெசையில ஒனக்கு ஒரு ஆர்டர் கெடையாது” என்றார் கண்ணுச்சாமி.

“மன்னிப்பு நூறு தடவ கேக்கேன் மொதலாளி. ஓடுனவுக வீடு ஒவ்வொண்ணுலயும் போயிக் கேக்கேன். தட்ட ஒடைக்க மாட்டேன். சொல்லாமப் போட்டது நானு. அதுக என்ன பண்ணுச்சு?”

சொன்னபடியே வீடு வீடாகப் போனார். ராக்காயி கதவைப் பாதிதான் திறந்தாள்.

“எனக்கு உசுரே போயிருச்சு.”

“தப்பு என் மேலதான் தாயி.”

“அது கெடக்கட்டும். அந்தச் சத்தத்துக்கு அப்பறம் என்ன வரும்?”

“பாட்டு வரும்.”

“அத யாரு கேட்டா? நாங்கதான் ரோட்டுல ஓடிக்கிட்டு இருந்தமே. ஞாயித்துக்கெளம வாரேன், முழுசாப் போடுங்க.”

ஏழு பெண்களோடு அண்ணனின் மைக் செட் கொட்டகைக்கு வந்தாள். வெடியோசை வந்தபோது ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை. முடிந்ததும், “இவன் மோளத்த அடிக்கல, கோவத்த அடிக்கான். இன்னொருக்கப் போடுங்க” என்றாள் ராக்காயி.

கண்ணுச்சாமியும் சொன்னதைச் செய்தார். இரண்டரை வருஷம் ஒரு பந்தலிலும் அண்ணனின் ஒலிபெருக்கிக் குழாய் கட்டப்படவில்லை. சிவகாசி அச்சகத்தில் காகித லோடு இறக்கப் போனார். ஞாயிறுகளில் மட்டும் கொட்டகை திறக்கும்.

“என்ன அண்ணாச்சி, தகர டப்பாக் கச்சேரியா?” என்று போகிறவர்கள் கேட்பார்கள்.

“ஆமா. டிக்கெட் கெடையாது. காது இருந்தா வாங்க.”

1968இல் நான் திரும்பியபோது அங்கே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுவருஷம் தை மாதம் வெம்பக்கோட்டையிலிருந்து அண்ணனுக்கு ஒரு கார்டு வந்தது. எழுதியவள் ராமுத்தாய், ராக்காயியோடு முதல் ஞாயிறு வந்த எழுவரில் ஒருத்தி, அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள்.

“மாசியில் எனக்கு வளைகாப்பு. சாமி பாட்டை என் நாத்தனாரே பாடிவிடுவாள். நீங்கள் அந்தத் தட்டுகளை மட்டும் கொண்டு வாருங்கள். உங்களைக் கூப்பிடக் கூடாதென்று கண்ணுச்சாமி முதலாளி ஆள் அனுப்பினார். ‘பந்தல் எங்களது’ என்று என் மாமியார் திருப்பி அனுப்பிவிட்டார். குழாய் இரண்டு வேண்டும். ஒன்றை ரோட்டைப் பார்த்துக் கட்டுங்கள்.”