எமரித்தாள் போட்ட காத்தாடி

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் எந்த வேலையிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் மோல்டிங் மெஷின் ஓட்டினேன். அதை மூடியதும் பழவேற்காட்டுக்கு வந்தேன். சுனாமிக்கு மறு வருஷம் அது. ஏரியில் ஆள் ஏற்றும் படகு வைத்திருந்த ஒரு பாய், எஞ்சினைப் பார்த்துக்கொள்ள என்னைச் சேர்த்துக்கொண்டார். படுக்க எஞ்சின் கொட்டகை, மூன்று வேளையும் அவர் வீட்டுச் சாப்பாடு.

தினமும் காலையில் ஏரித் தீவிலிருந்து கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி வருவோம். கரையில் கம்பெனி பஸ் வந்து அவர்களைக் கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிப்போகும். பஸ்ஸை விட்டால் அன்றைய வேலை போயிற்று.

படகின் ப்ரொப்பல்லரை அங்கே காத்தாடி என்பார்கள். எங்களுடையது பிளாஸ்டிக். ஏரியில் மணல் திட்டுகள் அதிகம். இடித்தால் காத்தாடியின் இதழ் மட்டும் உடையும், கியர் தப்பிக்கும். ஆனால் அதில் பாசி பிடிக்கும். அப்புறம் கொட்டலசு வரும். சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும் சின்ன உயிர் அது. ஒட்டிவிட்டால் எஞ்சின் முக்கும், படகு நகராது. பாய் வாரம் ஒரு முறை கத்தியால் சுரண்டுவார்.

"பிளாஸ்டிக்லயே பொழச்சவன் பாய் நான். பெயின்ட் அடிச்சிட்டா ஒண்ணும் ஒட்டாது" என்றேன்.

பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்க முதலில் எமரித்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அது கம்பெனியில் கற்றது. ஒரு மதியம் முழுக்கத் தேய்த்து, மரப்படகுக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்ட்டைப் பூசினேன். மணல் கலந்த தண்ணீரில் சுற்றிச் சுற்றி, இரண்டு வாரத்தில் பெயின்ட் உரிந்துவிட்டது. நான் தேய்த்த சொரசொரப்பு மட்டும் மிஞ்சியது. முன்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிய கொட்டலசு, இப்போது இதழ் முழுக்க அப்பிக்கொண்டது.

ஒரு நாள் நாங்கள் கரை சேர்வதற்குள் பஸ் புழுதி கிளப்பிப் போய்விட்டது.

"காத்தாடிக்கு மேக்கப் போட்டியே, உன் மூஞ்சிக்கும் கொஞ்சம் போட்டுக்கினு வா" என்றாள் என்னைப் பார்த்து ஒருத்தி. பிறகு பாயிடம் திரும்பினாள். "இன்னா பாய், இன்னொரு நாள் லீவு ஆனா கம்பெனிக்காரன் ஊட்டுக்கு அனுப்பிடுவான். நாங்க வேற படகு பாத்துக்கிறோம்."

அவர்கள் போய்விட்டால் பாயின் படகில் ஏற வேறு ஆள் இல்லை.

"தப்பு என்னுதும்மா. நாந்தான் செய்யச் சொன்னேன். நாலு நாளு பொறுத்துக்கங்க" என்றார் பாய்.

அவர் சொல்லவில்லை, நான்தான் செய்தேன். முன்பு வேலை பார்த்த இடங்களில் இதைவிடச் சின்னத் தப்புக்கு என்னைத் துரத்தியிருக்கிறார்கள். பாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நாஷ்டா துன்னியா? துன்னுட்டு வந்து வேலயப் பாரு."

பாயின் கத்தியை நான் தொடவில்லை. அது போட்ட கீறல்களிலும் கொட்டலசு உட்கார்ந்திருந்தது. கொட்டாங்குச்சியால் தள்ளி எடுத்தேன். நைசான எமரித்தாள், அதைவிட நைசான தாள் என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெழுகு போட்டுத் துணியால் வழவழப்பாக்கினேன். அப்போதுதான் எஞ்சினைக் காத்தாடியோடு தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தும் கொக்கி துருப்பிடித்து இறுகியிருப்பதைப் பார்த்தேன். காத்தாடி இராப்பகலாகத் தண்ணீருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. கொக்கியை விடுவிக்க முடியவில்லை, அதற்குப் பதில் நைலான் கயிறு கட்டினேன். அன்றிலிருந்து கரை சேர்ந்ததும் தூக்கிக் கட்டி, ஈரச் சாக்கால் துடைத்து, வெயிலில் காயவிட்டேன். புதிதாக ஒட்ட வந்தவை கூடு கட்டுமுன் காய்ந்து உதிர்ந்தன.

நாலாம் நாளிலிருந்து அந்தப் பெண்கள் ஓடாமல் நடந்துபோய் பஸ் ஏறினார்கள். அடுத்த வாரம் ஒரு நாள் கரைக்கு வந்தபோது பஸ்ஸே வந்திருக்கவில்லை. என்னைத் திட்டியவள் சுற்றிலும் பார்த்தாள்.

"இவ்ளோ சீக்கிரம் கொணாந்து உட்டா இங்க நின்னுக்கினு இன்னா பண்றது?" என்று டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு இட்லியை என் கையில் வைத்தாள்.

"மொதல்ல எஞ்சினத் தூக்கிக் கட்டு, அப்பறம் துன்னு" என்றார் பாய்.

இட்லியை வாயில் கவ்விக்கொண்டு கட்டினேன்.