அறுபது பாகத்துச் சங்கு

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். கன்னியர் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் நானும் என் சினேகிதியும் சின்ன வகுப்பு டீச்சர்கள். இருவருக்கும் சங்கு, சிப்பி சேர்க்கும் பைத்தியம். கரையில் பொறுக்குவதையெல்லாம் நான் சேர்த்தியாகவே நினைக்க மாட்டேன். அலை உருட்டித் தேய்த்த ஓடுகள் அவை. ஆழத்திலிருந்து உயிரோடு வருவதுதான் எனக்கு வேண்டும்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கனகசெட்டிக்குளத்து அம்மாளை மூன்று வருஷம் நச்சரித்தேன். ஒருநாள் கூடைக்குள்ளிருந்து ஈரத்துணி முடிச்சு ஒன்றை எடுத்தாள்.

"அறுபது பாகம் கயிறு வுட்ட எடத்துல தூண்டில்ல மாட்டிக்கிச்சாம், டீச்சரம்மா. எங்க வூட்டுக்காரரு தூக்கிப் போடப் பாத்தாரு. நாந்தான் புடுங்கியாந்தேன்."

இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். அப்படி அறுபது. அங்கே பகலிலும் இருட்டாம். அந்த இருட்டில் கிடந்த ஓட்டின்மேல் செம்பொன் நிறத்தில் வலை வலையாகக் கோலம்! யார் பார்க்க இத்தனை அலங்காரம் என்று அன்றெல்லாம் அதைக் கீழே வைக்க மனசில்லாமல் திரிந்தேன்.

உயிர்ச் சங்கை வேகவைத்தால் பளபளப்பு போய்விடும். மணலில் புதைக்க வேண்டும். எறும்பு உள்ளே நுழைந்து சதையைத் தின்று துடைத்துக் கொடுத்துவிடும். பதினைந்து நாளாவது ஆகும். எங்கள் வீட்டிலோ எங்கு பார்த்தாலும் சிமெண்ட் தரை. கருவடிக்குப்பத்தில் சினேகிதி வீட்டுப் பின்புறம் நல்ல மணல். அவளே குழி தோண்டினாள். அடையாளத்துக்குக் குச்சி ஒன்றையும் நட்டாள்.

பதினாறாம் நாள் போனேன். குழி காலி.

"நாயி தோண்டியிருக்கும்டி," என்றாள். என்னோடு மண்டியிட்டு அவளும் மணலைத் துழாவினாள். நான் அழுதபோது தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அந்த முந்தானையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மறு வாரம், ஊருக்குத் திரும்பவிருந்த எங்கள் தலைமைக் கன்னியாஸ்திரீ, மதர், என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறை முழுக்கப் பெட்டிகள். மேசைமேல் என் சங்கு. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புத்தகம் படித்துக் கற்ற தமிழில் சொன்னார்: "உன் தோழி கொடுத்த பரிசு. மிகவும் அழகானது. ஆனால் நாற்றம் அடிக்கிறது. நீயும் சங்கு சேர்க்கிறாய் அல்லவா? ஒரு வழி சொல்."

சதை தீருமுன்பே தோண்டி எடுத்திருக்கிறாள், அவசரக்காரி! பெரிய வகுப்பு யாருக்கு என்று மதர் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். அது எங்கள் இருவருக்குமே தெரியும். தோண்டிய நாய் சேலை கட்டிய நாய். என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்.

அது என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். இன்னும் சில நாள் மணலில் வைத்தால் போதும் என்றாவது சொல்லியிருக்கலாம். வினிகர் அந்த நிறத்தையெல்லாம் அரித்து வெறும் சுண்ணாம்பாக்கிவிடும் என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும்.

"வினிகர்ல ரெண்டு நாள் ஊறப் போடுங்க மதர். நாத்தம் போயிடும்," என்றேன்.

மதர் என் நெற்றியில் சிலுவை வரைந்து, "நீ நல்ல பெண்," என்றார். குனிந்து வாங்கிக்கொண்டேன்.