உருண்ட விளிம்பு

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் ஃபைபர் வள்ளங்கள் நிறைய வந்தன. மறுபடியும் கடலுக்குப் போக மனம் வராத நான், அவற்றைப் பழுது பார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டேன். உடைந்த இடத்தில் நார்ப்பாய் ஒட்டி, பிசின் பூசி, காய்ந்ததும் விளிம்பை கிரைண்டரால் தேய்த்து உருட்ட வேண்டும். உருட்டாமல் விட்டால் வலை அறுந்துபோகும், வலை இழுக்கிறவனின் கையும் கிழியும். நாள் முழுக்க நான் விரலால் தடவிப் பார்ப்பது அதைத்தான்.

என் மனைவிக்குப் பார்வை ஒரு கண்ணில்தான். சிறுவயதில் ஈர்க்கு குத்தி இடது கண் போய்விட்டது. மற்றதற்கும் கட்டியான கண்ணாடி. அந்த ஒரு கண்ணிலும் புரை விழுந்தபோது நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். பொறுமையாகப் பேசினார். உள்ளங்கை அளவில் பிளாஸ்டிக்கில் செய்த இரண்டு மாதிரி லென்ஸ்களை மேஜையில் வைத்து எங்களிடம் காட்டினார். ஒன்றின் விளிம்பு உருண்டிருந்தது. மற்றது வெட்டிவிட்டது போல் சதுரமாக, கூராக இருந்தது.

கூரானதுதான் புதிதாக வடிவமைத்தது என்றார். புரையை எடுத்த பிறகும் உள்ளே ஒரு மெல்லிய பை இருக்குமாம். லென்ஸை அதில்தான் வைப்பார்கள். பையின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் உயிரணுக்கள் நாளடைவில் லென்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து மறுபடியும் மங்கலாக்குமாம். இந்தக் கூரான ஓரம் பையை அழுத்திப் பிடித்து அவற்றை வரவிடாமல் நிறுத்துமாம்.

நான் விரலால் தடவினேன். என் உடம்பு கூசியது.

"இது கண்ண அறுத்துராதா டாக்டர்?"

அறுக்காது, அசையாமல் இருக்கும் என்றார் அவர். இரண்டையுமே இங்கே வைக்கிறோம், நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் மனைவியைப் பார்த்தேன்.

"நீங்க தொட்டுப் பாத்தியல்லா? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

உருண்டது போதும் என்று சொன்னேன்.

மறுநாள் வேலைத்தலத்தில் இதைப் பெருமையாகவே சொன்னேன். கூட வேலை செய்கிறவன் சிரித்தான். "மக்கா, கண்ணுக்க உள்ளயும் கிரைண்டர் போடச் சொன்னியா?" நானும் சிரித்தேன். ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த அன்று அவள் மாதா கோயில் கோபுரத்து மணிக்கூண்டில் இருந்த புறாக்களை எண்ணிச் சொன்னாள். நான் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இரண்டு வருஷம் போனது. எங்கள் வீட்டில் ஏழு மணிக்குக் குடும்ப செபம். செபமாலை முடிந்ததும் அவள்தான் பைபிள் வாசிப்பாள். நான் ஐந்தாம் வகுப்பு, எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஒருநாள் மகள் என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டு, "அப்பா, அம்ம மூணு திருப்பாடலத்தான் மாத்தி மாத்தி வாசிக்கிறா" என்றாள். அன்று செபத்தில் நானாக வேறொரு பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓர்மையில இருந்துதான் சொல்லியேன். ஒங்களுக்குப் பயம் வராண்டாம்னு நெனச்சேன்."

அதே டாக்டரிடம் போனோம். லென்ஸுக்குப் பின்னால் திரை வளர்ந்திருக்கிறது என்றார். மற்றவர்களுக்கென்றால் லேசரால் ஐந்து நிமிஷத்தில் அந்தத் திரையில் துளை போட்டு விட்டுவிடலாம். ஆனால் இவள் கண்ணுக்குள் விழித்திரை மெலிந்து போயிருக்கிறது. லேசருக்குப் பிறகு அது கிழிய வாய்ப்பு கொஞ்சம் உண்டு. ஒரே கண் என்பதால் சொல்லாமல் இருக்க முடியாது. செய்யாவிட்டால் திரை இன்னும் தடிக்கும். ஒரு மாதம் யோசித்து வரச் சொன்னார்.

அந்த ஒரு மாதமும் நான் கடற்கரையில் சிலுவை நட்ட குருசடியில் மெழுகுதிரி கொளுத்தினேன். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. திரை தானே விலகட்டும் என்று கேட்டேன். பிறகு, என் கண்ணை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன். கூரான லென்ஸை வேண்டாம் என்றது நான்தான் என்று பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். சாமியார் கேட்டுவிட்டு, இது பாவமில்லை, அறியாமல் செய்தது என்றார். பரிகாரம் ஒன்றும் கொடுக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை. பாவமென்றால் பத்து 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி எழுந்து வந்திருப்பேன்.

லேசர் செய்துகொள்வது என்று கடைசியில் அவள்தான் முடிவு செய்தாள். லேசருக்குப் போன அன்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், அந்த மற்ற லென்ஸை வைத்திருந்தால் இது வந்திருக்காதா என்று. "வராம இருந்திருக்கலாம் ஐயா. வந்தும் இருக்கலாம். அதையும் வச்சவங்களுக்கு வந்திருக்கு" என்றார்.

வெளியே பெஞ்சில் அவள் கண்ணில் மருந்து விட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கூர்தான் தடுப்பு என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார், நான்தான் நம்பவில்லை, என்னால்தான் இது என்று.

"நானும் அங்கதான இருந்தேன்" என்றாள். பிறகு, "அத இப்ப எதுக்குச் சொல்லியிய? எனக்கு உள்ள போவாண்டாமா?"

பெயரைக் கூப்பிட்டார்கள். சுவரைத் தொட்டுக்கொண்டே போனாள். நர்ஸ் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். செபமாலையை எடுத்தேன், ஒரு மணிகூட நகரவில்லை.

அரைமணி நேரத்தில் வெளியே கூட்டிவந்தார்கள். மருந்தின் கூச்சம் தீர்ந்து மறுநாள் காலையில் என்னை உற்றுப்பார்த்து, "மீச முழுக்க நரச்சாச்சா? ஆரும் சொல்லல்லியே" என்றாள். மகள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

கண்ணில் மின்னல் போல வெளிச்சம் தெரிந்தாலோ, கறுப்புத் திரை விழுந்தாலோ உடனே ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வருஷங்கள் ஆகிவிட்டன. வள்ளத்தில் விரிசல் விழுந்தால் குனிந்து பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன். அவள் கண்ணுக்குள் நான் எப்படிப் பார்ப்பது? காலையில் அவள் கட்டன்சாயா கொண்டுவரும்போது, "மின்னுதா ஏட்டி?" என்று கேட்கிறேன்.

"ஒண்ணும் மின்னல்ல, குடியுங்க" என்கிறாள்.

குடிக்கிறேன்.